மிதிவண்டியும் பழுதுபார்த்தலும்: அன்றாடப் பயணத்தின் வரலாறு

மிதிவண்டி என்பது ஓட்டுபவரின் கால் வலுவால் இயங்கும் இரு சக்கர வண்டி. தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் சைக்கிள் என்றும், இலங்கைத் தமிழ் எழுத்து வழக்கில் துவிச்சக்கர வண்டி என்றும் இது வழங்கப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் வசதி படைத்தோரின் பொழுதுபோக்குப் பொருளாகத் தோன்றிய இவ்வண்டி, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குள் தபால்காரர், ஆலைத் தொழிலாளி, பால் வியாபாரி, பள்ளி ஆசிரியர் ஆகியோரின் அன்றாட ஊர்தியாக மாறியது.

இந்த மாற்றத்தைப் பற்றிப் பேசும் நூல்கள் பெரும்பாலும் மிதிவண்டியைக் கண்டுபிடித்தவர் யார் என்ற கேள்வியிலிருந்து தொடங்குகின்றன. நாள்தோறும் அதில் பயணம் செய்பவருக்கு வேறொரு கேள்வி முக்கியமானது: வழியில் வண்டி நின்றுபோனால் அதை யார் சரிசெய்வது? எவ்வளவு நேரத்தில், எவ்வளவு செலவில்? காலை 8 மணிக்கு ஆலை வாசலில் நிற்க வேண்டிய ஒருவருக்கு, அரை நாள் பழுதாகி நிற்கும் வண்டி என்பது அரை நாள் கூலி இழப்பு. மிதிவண்டியின் முக்கிய உறுப்புகள் பலவும் இந்தக் கேள்விக்கு விடை தேடியே இன்றைய வடிவத்தை அடைந்தன. அவ்வுறுப்புகள் வளர்ந்த விதம், பழுதுபார்க்கும் அறிவு மக்களிடம் பரவிய விதம், அந்த வரலாறு இன்று வண்டி வாங்குவோருக்குத் தரும் பாடம் ஆகியவற்றை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது.

மிதி இல்லாத வண்டி

ஜெர்மனியின் மான்ஹைம் நகரைச் சேர்ந்த கார்ல் வான் டிரைஸ் 1817ஆம் ஆண்டு ஜூன் மாதம் தாம் செய்த மர வண்டியில் ஏறி ஊருக்கு வெளியே சென்று திரும்பினார். அதில் மிதியும் இல்லை, சங்கிலியும் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த இரு சக்கரங்களுக்கு நடுவில் அமர்ந்து, கால்களால் தரையை உந்தித் தள்ளினால் வண்டி உருளும். முன் சக்கரத்தைத் திருப்ப ஒரு பிடி இருந்தது. இரண்டே சக்கரங்களில் விழாமல் செல்ல முடியும் என்பதை உலகுக்குக் காட்டியது இவ்வண்டியே.

1860களில் பாரிஸ் நகரில் முன் சக்கரத்தின் அச்சில் மிதி பொருத்தப்பட்டது. பியேர் மிஷோ, பியேர் லால்மாங் ஆகிய இருவரின் பெயர்களும் இதனுடன் இணைத்துப் பேசப்படுகின்றன. லால்மாங் 1866இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். இந்த வண்டியின் சக்கரங்கள் மரத்தாலானவை. விளிம்பில் இரும்புப் பட்டை போடப்பட்டிருந்தது. கல் பாவிய தெருக்களில் இது ஓடும்போது உடல் முழுவதும் அதிர்ந்ததால், ஆங்கிலேயர் இதற்கு எலும்பை உலுக்கும் வண்டி என்று பொருள்படும் பெயரை இட்டனர். பழுதானால் கொல்லரிடமோ தச்சரிடமோதான் கொண்டுசெல்ல வேண்டும். வண்டி முழுவதும் ஒருவர் கைவேலையாக அமைந்ததால், ஒரு வண்டியின் உறுப்பு இன்னொன்றுக்குப் பொருந்தாது.

கம்பிச் சக்கரமும் பால்ரஸும்

அடுத்த பெரிய மாற்றம் சக்கரத்தில் நிகழ்ந்தது. மர ஆரங்களுக்கு மாற்றாக மெல்லிய இரும்புக் கம்பிகளை இழுத்துக் கட்டும் முறை 1869ஆம் ஆண்டளவில் பிரான்சில் வந்தது. மாட்டு வண்டிச் சக்கரத்தில் தரைப் பக்கம் உள்ள ஆரக்கால் பாரத்தைத் தாங்கி நிற்கும். கம்பிச் சக்கரத்தில் எல்லாக் கம்பிகளும் முன்கூட்டியே சம அளவில் இழுத்து முறுக்கப்பட்டிருக்கும். பாரம் ஏறும்போது கீழ்ப்புறக் கம்பிகளின் இழுவிசை சற்றுக் குறையும். மற்றவை சக்கரத்தின் வடிவத்தைக் காக்கும். இதனால் மிகக் குறைந்த எடையில் ஓர் ஆளையும் ஒரு மூட்டையையும் தாங்கும் சக்கரம் சாத்தியமாயிற்று.

இங்கிலாந்தின் காவன்ட்ரி நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்டார்லி 1874இல் கம்பிகளை நடுக்குடத்திலிருந்து நேராக இழுக்காமல், குறுக்கும் நெடுக்குமாகச் சாய்த்துக் கட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மிதிக்கும்போது நடுக்குடம் முறுகும் விசையை இந்தச் சாய்ந்த கம்பிகள் விளிம்புக்குக் கடத்துகின்றன. இன்று தெருவில் காணும் பெரும்பாலான மிதிவண்டிகளின் சக்கரம் இந்த அமைப்பிலேயே உள்ளது.

பழுதுபார்ப்பவரின் பார்வையில் கம்பிச் சக்கரம் பெரிய வரம். ஒரு கம்பி அறுந்தால் அதை மட்டும் மாற்றலாம். பள்ளத்தில் விழுந்து சக்கரம் லேசாக வளைந்தால், வளைவின் ஒரு பக்கக் கம்பிகளைத் தளர்த்தி, மறுபக்கக் கம்பிகளை இறுக்கி நேராக்கலாம். நம் ஊர்க் கடைகளில் கோட்டம் எடுத்தல் எனப்படும் வேலை இதுதான். கம்பியின் முனையிலுள்ள சிறு திருகுக் குமிழைக் கால் சுற்று, அரைச் சுற்று எனத் திருப்பியே வேலை முடிந்துவிடும்.

1869இல் பாரிஸைச் சேர்ந்த ஜூல் சுரிரே மிதிவண்டி அச்சுக்கான உருண்டைத் தாங்கிக்குக் காப்புரிமை பெற்றார். நம் ஊரில் பால்ரஸ் என்று வழங்கும் இந்தச் சிறு எஃகு உருண்டைகள், உராய்வைக் குறைத்து மிதிப்பதை எளிதாக்கின. சக்கரத்தின் நடுக்குடம், மிதி, ஹேண்டில் பாரின் கழுத்து, கிராங்க் அச்சு ஆகிய இடங்களில் இன்றும் இவை உள்ளன. பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் வைத்துப் பூட்டினால் பழைய வண்டியும் இலகுவாக ஓடும்.

உயரச் சக்கரத்திலிருந்து சங்கிலிக்கு

மிதி முன் சக்கரத்திலேயே இருந்தவரை, வேகம் வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு வழி இல்லை. 1870களில் முன் சக்கரம் ஓர் ஆளின் மார்பளவுக்கு வளர்ந்தது. பின் சக்கரம் சிறியதாயிற்று. சிறு கல்லில் மோதினாலும் ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். ஏறவும் இறங்கவும் பயிற்சி வேண்டும். புடவையோ நீண்ட பாவாடையோ அணிந்தவர், முதியவர், மூட்டை சுமப்பவர் ஆகியோருக்கு அதில் இடமில்லை. அது துணிச்சலான இளைஞர்களின் வண்டியாகவே இருந்தது.

இச்சிக்கலைத் தீர்த்தது சங்கிலி. மான்செஸ்டரில் தொழிற்சாலை நடத்திய ஹான்ஸ் ரெனால்ட் 1880இல் உருளைச் சங்கிலியை உருவாக்கினார். ஒவ்வொரு கண்ணியிலும் சுழலும் உருளை இருந்ததால் பற்சக்கரத்தில் தேய்மானம் குறைந்தது. 1885இல் ஜேம்ஸ் ஸ்டார்லியின் உறவினரான ஜான் கெம்ப் ஸ்டார்லி, ரோவர் என்ற வண்டியை அறிமுகப்படுத்தினார். ஏறத்தாழ ஒத்த அளவுள்ள இரு சக்கரங்கள், நடுவில் மிதி, பின் சக்கரத்தை இயக்கும் சங்கிலி என்னும் அமைப்பு இதில் இருந்தது. பற்சக்கரங்களின் அளவை மாற்றினாலே வேகத்தை மாற்றலாம் என்பதால் சக்கரம் பெரிதாக இருக்க வேண்டிய தேவை மறைந்தது. ஓட்டுபவரின் கால் தரைக்கு எட்டியது. பாதுகாப்பு மிதிவண்டி என அழைக்கப்பட்ட இதுவே இன்றைய மிதிவண்டிகளின் மூதாதை.

காற்று டயரும் பஞ்சரும்

ரோவர் வண்டியின் டயர் கெட்டி ரப்பராலானது. காற்றடைத்த டயருக்கு ராபர்ட் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். அது பரவாமல் மறைந்துபோனது. 1888இல் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அதை மீண்டும் உருவாக்கினார். அடுத்த ஆண்டே காற்று டயர் பூட்டிய வண்டிகள் பந்தயங்களில் வென்று புகழ்பெற்றன.

வசதியுடன் ஒரு புதிய தொல்லையும் வந்தது. முள் குத்தினால் காற்று இறங்கியது. தொடக்க கால டன்லப் டயர் சக்கர விளிம்போடு பசையால் ஒட்டப்பட்டிருந்தது. பஞ்சர் ஒட்ட வேண்டுமானால் டயரை உரித்தெடுத்து, துளையை அடைத்து, மறுபடி ஒட்டி, பசை காயும்வரை காத்திருக்க வேண்டும். பிரான்சின் கிளெர்மோன் ஃபெரான் நகரில் ரப்பர்த் தொழிற்சாலை நடத்திய மிஷெலின் சகோதரர்களிடம் இத்தகைய பஞ்சரான வண்டி ஒன்று வந்தது என்றும், அதை உரித்து ஒட்டப் பல மணி நேரமும் பசை காய ஓர் இரவும் ஆயின என்றும், மறுநாளே அது மீண்டும் காற்று இறங்கியது என்றும் கூறப்படுகிறது. காற்று டயர் நல்லதுதான், அதைப் பழுதுபார்க்கும் முறைதான் தவறு என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். 1891இல் கழற்றி மாட்டக்கூடிய டயருக்கு அவர்கள் காப்புரிமை பெற்றனர். அதே ஆண்டு பாரிஸிலிருந்து பிரெஸ்ட் சென்று திரும்பும் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில் இந்த டயருடன் ஓடிய ஷார்ல் தெரோன் முதலிடம் பெற்றார். ஓரத்தில் கம்பி வைத்த டயர் இங்கிலாந்திலும் இதே காலத்தில் உருவானது.

உள்ளே தனி டியூபும் வெளியே கழற்றக்கூடிய டயரும் என்ற அமைப்பு இவ்வாறு நிலைபெற்றது. தெருவோரத்தில் அமர்ந்து கால் மணி நேரத்தில் பஞ்சர் ஒட்டலாம் என்ற நிலை வந்தபோதுதான், நேரத்துக்கு வேலைக்குச் செல்பவர் மிதிவண்டியை நம்ப முடிந்தது.

இந்த வசதிக்குப் பின்னால் ஒரு கொடுமையும் உண்டு. மிதிவண்டி டயர்களால் 1890களில் ரப்பரின் தேவை வெகுவாக உயர்ந்தது. பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் தனி உடைமையாக இருந்த காங்கோவில், காட்டு ரப்பரைச் சேகரிக்க மக்கள் வன்முறையால் கட்டாயப்படுத்தப்பட்டனர். குறித்த அளவு ரப்பர் கொண்டுவராத ஊர்கள் தண்டிக்கப்பட்டன. எண்ணற்றோர் மாண்டனர், பலர் கைகளை இழந்தனர். ஐரோப்பிய நகரங்களின் அதிர்வற்ற பயணத்துக்கு ஆப்பிரிக்கக் கிராமங்கள் விலை கொடுத்தன என்பதும் மிதிவண்டி வரலாற்றின் பகுதியே.

பெண்களும் கருவிகளும்

பாதுகாப்பு மிதிவண்டியும் காற்று டயரும் சேர்ந்தபோது, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்கள் பெருமளவில் மிதிவண்டி ஓட்டத் தொடங்கினர். துணையின்றி வெளியே செல்வது, அதற்கேற்ற உடை அணிவது ஆகியவை பெரும் விவாதமாயின. பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய சூசன் ஆந்தனி, பெண் விடுதலைக்கு மிதிவண்டி செய்த உதவி மிகப் பெரிது என்று 1896இல் ஒரு நேர்காணலில் பாராட்டினார்.

அதே 1896இல் நியூயார்க்கைச் சேர்ந்த மரியா வார்டு, பெண்களுக்கான மிதிவண்டிக் கையேடு ஒன்றை வெளியிட்டார். வண்டி ஓட்டும் முறையோடு, அதன் உறுப்புகள் இயங்கும் விதம், கருவிகளைக் கையாளுதல், பழுதுபார்த்தல் ஆகியவற்றையும் அந்நூல் விளக்கியது. பழுதுபார்க்கத் தெரியாத பெண், வண்டி நின்ற இடத்தில் வேறொருவரின் உதவிக்குக் காத்திருக்க வேண்டியவளாகிறாள். ஓட்டும் திறனும் சரிசெய்யும் திறனும் சேர்ந்தால்தான் தனியாகப் பயணம் செய்யும் சுதந்திரம் முழுமையாகும் என்பதை அந்நூல் தெளிவாக உணர்ந்திருந்தது.

இந்தியாவுக்கு வந்த ரோட்ஸ்டர்

இந்தியாவுக்கு மிதிவண்டி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டனிலிருந்து இறக்குமதியானது. முதலில் அதிகாரிகள், பாதிரிமார், வசதி படைத்தோர் ஆகியோரிடம் இருந்தது. ராலி, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., ஹம்பர் முதலிய பெயர்கள் மக்களிடம் பழகிப்போயின. சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் உள்நாட்டு உற்பத்தி வளர்ந்தது. முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் இணைந்து 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. சென்னையை அடுத்த அம்பத்தூரில் அமைந்த அதன் ஆலையிலிருந்து ஹெர்குலிஸ் வண்டிகள் வெளிவந்தன. பஞ்சாபின் லூதியானாவில், மிதிவண்டி உதிரிப் பாகங்களை விற்றுவந்த முஞ்சால் சகோதரர்கள் 1956இல் ஹீரோ சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். உலகில் மிக அதிகமாக மிதிவண்டி தயாரிக்கும் நிறுவனமாக அது பின்னர் வளர்ந்தது. உதிரிப் பாகத் தொழிலே முழு வண்டித் தொழிலுக்கு அடித்தளமானது இங்குக் கவனிக்கத்தக்கது.

இந்தியத் தெருக்களில் நிலைத்த வடிவம் ரோட்ஸ்டர் எனப்படும் கறுப்பு நிற வண்டி. 28 அங்குலச் சக்கரம், நிமிர்ந்து அமரும் நிலை, தடித்த எஃகுக் குழாய்ச் சட்டம், கம்பித் தண்டுகளால் இயங்கும் பிரேக், பின்னால் கேரியர், சங்கிலியை மூடும் உறை ஆகியவை அதன் அடையாளங்கள். முன் சக்கரத்தில் 32 கம்பிகளும், பாரம் அதிகம் விழும் பின் சக்கரத்தில் 40 கம்பிகளும் இருப்பது அதன் பழைய வழக்கம். வண்டி கனமானது, வேகம் குறைவு. ஆனால் மண் சாலையிலும் நெல் மூட்டையோடு ஓடும்.

இந்த வடிவம் பல பத்தாண்டுகள் ஏறத்தாழ மாறாமல் நீடித்தது. அதைப் பழைமை என்று குறை கூறுவோர் உண்டு. பழுதுபார்ப்பவருக்கோ அந்த மாறாமையே பெரிய துணை. ஒரு நிறுவனத்தின் பிரேக் கட்டை இன்னொரு நிறுவனத்தின் வண்டிக்கும் பெரும்பாலும் பொருந்தியது. தந்தையின் வண்டிக்கு வாங்கிய அதே அளவு டியூபை மகனின் வண்டிக்கும் வாங்கலாம். ஆகவே சிற்றூர்க் கடைக்காரர் ஒருவர் சிறிய மரப்பெட்டிக்குள் ஊரிலுள்ள எல்லா வண்டிகளுக்கும் தேவையான உதிரிப் பாகங்களை வைத்திருக்க முடிந்தது.

தெருமுனைக் கடை

தமிழ்நாட்டின் ஊர்தோறும் இருந்த சைக்கிள் கடை ஒரு பள்ளிக்கூடம் போலச் செயல்பட்டது. ஒரு வேப்ப மரம், அதன் கிளையில் தொங்கும் பழைய டயர், தரையில் நிறுத்தி வைத்து அடிக்கும் காற்றுப் பம்பு, ஒரு தண்ணீர்த் தட்டு, சில ஸ்பானர்கள், ஒரு சுத்தியல். இவ்வளவுதான் மூலதனம். வேலை கற்க வரும் சிறுவன் முதலில் காற்றடிப்பான். பிறகு பஞ்சர் ஒட்டுவான். கடைசியில்தான் கோட்டம் எடுக்கக் கற்பான்.

பஞ்சர் ஒட்டும் முறை வாடிக்கையாளரின் கண்முன்னே நடந்தது. டயரின் ஒரு பக்கத்தை நெம்பி டியூபை வெளியே எடுத்து, காற்றடித்து, தண்ணீரில் அமிழ்த்துவார்கள். குமிழி வரும் இடமே துளை. அதைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, சொல்யூஷன் தடவி, சற்று உலரவிட்டு ஒட்டு போடுவார்கள். டயரின் உட்புறத்தை விரலால் தடவி முள்ளைத் தேடி எடுப்பார்கள். முள்ளை எடுக்காமல் மூடினால் அடுத்த தெருவிலேயே மறுபடி காற்று இறங்கும். காற்று நிற்கும் வாய்ப்பகுதியில் மாட்டும் மெல்லிய ரப்பர்க் குழாயான வால்டியூப் மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. வெயிலில் அது இற்றுப்போனால் வீட்டிலேயே மாற்றிக்கொள்வர்.

பல கடைகள் மணிக்கணக்கில் வண்டியை வாடகைக்கு விட்டன. சொந்தமாக வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைகள் வாடகை வண்டியில்தான் ஓட்டக் கற்றனர். கால் எட்டாத சிறுவர்கள் பாருக்கு அடியில் காலை நுழைத்து ஓட்டும் முறைக்குக் குரங்குப் பெடல் என்று பெயர். இரவில் விளக்கின்றி ஓட்டினாலும், இருவராகச் சென்றாலும் காவலர் பிடிப்பர் என்ற அச்சம் அந்தத் தலைமுறைக்கு உண்டு. ஆகவே டயரில் உரசிச் சுழலும் டைனமோவும் அதனால் எரியும் முன் விளக்கும் பெரிதும் விரும்பப்பட்டன.

இந்த அமைப்பில் ஒரு பெருங்குறை இருந்தது. கடையில் வேலை செய்தவர், கற்றவர், வாடகைக்கு எடுத்தவர் ஏறத்தாழ அனைவரும் ஆண்களே. பெண்கள் பின்னால் கேரியரில் அமர்ந்தனர்.

புதுக்கோட்டைப் பெண்கள்

இந்நிலையை அசைத்த நிகழ்வு புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்தது. 1991இல் அங்கு அறிவொளி இயக்கம் என்னும் எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பட்டது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஊர் ஊராகச் சென்று பாடம் நடத்த வேண்டிய பெண் தொண்டர்களுக்குப் போக்குவரத்து பெரும் தடையாக இருந்தது. பேருந்து எப்போதாவது வரும். ஆண் துணைக்குக் காத்திருந்தால் வகுப்பு நடக்காது. ஆகவே மிதிவண்டி ஓட்டக் கற்பிப்பது எழுத்தறிவுப் பணியின் ஒரு பகுதியாகவே ஆக்கப்பட்டது.

விவசாயத் தொழிலாளிகள், கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் எனப் பல்லாயிரம் பெண்கள் கற்றுக்கொண்டனர். கற்றவர்களே பிறருக்குப் பயிற்சி அளித்தனர். 1992ஆம் ஆண்டு உலக மகளிர் நாளன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரில் மிதிவண்டிப் பேரணி சென்றனர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இவ்வியக்கத்தைப் பற்றி விரிவாக எழுதியதால் அது நாடெங்கும் அறியப்பட்டது.

வண்டித் தேர்வு பற்றி அறிய விரும்புவோருக்கு அப்பெண்களின் ஒரு முடிவு நல்ல சான்று. பெண்களுக்கான வண்டிகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, பலர் ஆண்களுக்கான வண்டியையே வாங்கினர். இருக்கைக்கும் ஹேண்டிலுக்கும் இடையே உள்ள பாரில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் என்பதும் அதற்கு ஒரு காரணம். விற்பவர் வகுத்த ஆண் வண்டி, பெண் வண்டி என்ற பிரிவை அவர்கள் தம் தேவையைக் கொண்டு கடந்தனர். தண்ணீர் எடுத்தல், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லுதல், பிள்ளையைப் பள்ளியில் விடுதல் ஆகியவற்றுக்குச் செலவாகும் நேரம் குறைந்தது.

2000களில் தமிழ்நாடு அரசு 11ஆம் வகுப்பு மாணவ மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் திட்டத்தைப் படிப்படியாக விரிவாக்கியது. மேல்நிலைப் பள்ளி தொலைவில் இருப்பதால் படிப்பை நிறுத்தும் நிலையை மாற்றுவது அதன் நோக்கம்.

யாழ்ப்பாணத்தில் மிதிவண்டி

தமிழர் வாழ்வில் மிதிவண்டி உயிர்நாடியாக அமைந்த இன்னோர் இடம் யாழ்ப்பாணக் குடாநாடு. 1990களின் போர்க்காலத்தில் எரிபொருளும் மின்கலங்களும் குடாநாட்டுக்கு வருவது தடைப்பட்டது, மின்சாரமும் இல்லை. நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது, விறகும் காய்கறியும் ஏற்றுவது, இடம்பெயரும்போது வீட்டுப் பொருட்களைச் சுமப்பது என எல்லாவற்றுக்கும் துவிச்சக்கர வண்டி பயன்பட்டது. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டனர். விளக்குக்காக அமைந்த உறுப்பு, வெளியுலகோடு தொடர்புகொள்ளும் கருவியாயிற்று. வண்டியின் உட்பாகங்களை அறிந்திருந்த மக்களாலேயே இது சாத்தியமானது.

சரிவும் மீட்சியும்

மோட்டார் வண்டிகள் பெருகியபோது மிதிவண்டி பல நாடுகளில் பின்னுக்குத் தள்ளப்பட்டது. நெதர்லாந்திலும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதே நிலைதான். 1971இல் அங்கு நடந்த சாலை விபத்துகளில் 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினர். 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து, மிதிவண்டிக்குத் தனிப்பாதை அமைக்கும் கொள்கை அங்கு வலுப்பெற்றது. இன்று அந்நாட்டில் காணும் மிதிவண்டிப் பழக்கம் போராடிப் பெறப்பட்டது.

தமிழ்நாட்டில் மொபெட்டும் மோட்டார் சைக்கிளும் பரவியதும் வாடகை வண்டிக் கடைகள் மறைந்தன. பல சைக்கிள் கடைகள் மோட்டார் வண்டிப் பஞ்சர்க் கடைகளாயின. அண்மைக் காலத்தில் பல கியர் கொண்ட வண்டிகளும் டிஸ்க் பிரேக்கும் வந்துள்ளன. கியர் மாற்றும் அமைப்பு புதியது அன்று. பிரான்சின் புகழ்பெற்ற டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், சங்கிலியை ஒரு பல்லிலிருந்து இன்னொன்றுக்குத் தாவச் செய்யும் கியர் 1937இல் அனுமதிக்கப்பட்டது. ஆயினும் இவ்வண்டிகளின் உறுப்புகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகின்றன. ரோட்ஸ்டர் காலத்து மரப்பெட்டிக்குள் அவை அடங்குவதில்லை.

வரலாறு காட்டும் தேர்வு முறை

வண்டி வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். எவ்வளவு தூரம், எத்தகைய சாலை? என்ன சுமை? பழுதானால் எங்கே கொண்டுசெல்வது?

சமதளத்தில் நாள்தோறும் 5 அல்லது 6 கிலோமீட்டர் செல்பவருக்குக் கியர் இல்லாத வண்டியே போதும். மேடு பள்ளமான ஊரில் இருப்பவருக்கும் நெடுந்தூரம் செல்பவருக்கும் கியர் உதவும். முன்னும் பின்னும் துள்ளும் சஸ்பென்ஷன் எடையையும் பராமரிப்பையும் கூட்டும். நகரச் சாலைக்குச் சற்று அகலமான டயரே போதிய மென்மை தரும். எந்த வண்டியானாலும் அதற்குரிய டியூப், பிரேக் கட்டை, சங்கிலி ஆகியவை அருகிலுள்ள கடையில் கிடைக்கின்றனவா என்று விசாரித்த பின் வாங்குவது நல்லது.

இருக்கையின் உயரம் முக்கியம். குதிகாலை மிதியில் வைத்து அதைக் கீழே தள்ளும்போது கால் ஏறத்தாழ நேராக வேண்டும். அப்போது முன்பாதத்தால் மிதிக்கையில் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்கால் வலிக்கும். மட்கார்டு, மணி, முன் விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, நல்ல பூட்டு ஆகியவை அன்றாடப் பயணிக்கு அடிப்படைத் தேவைகள். தலைக்கவசம் நெற்றியை மறைத்து, தலையில் ஆடாமல் பொருந்த வேண்டும்.

பராமரிப்பில் வாரந்தோறும் செய்ய வேண்டியவை மூன்று. டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட அளவுக்குக் காற்று நிரப்புதல். பிரேக் பிடிக்கிறதா எனப் பார்த்தல். சங்கிலியைத் துடைத்து எண்ணெய் இடுதல். எண்ணெய் இட்ட பின் வெளிப்புறத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். மேலே தங்கும் எண்ணெய் தூசியைச் சேர்க்கும். வீட்டிலுள்ள தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கும் என்பதால் மெஷின் எண்ணெயே ஏற்றது.

சங்கிலியின் தேய்மானத்தை ஓர் அளவுகோலால் அறியலாம். புதிய சங்கிலியில் ஒரு பின்னின் மையத்திலிருந்து 24 கண்ணிகள் எண்ணினால் சரியாக 12 அங்குலம் வரும். அது 12 அங்குலத்துக்கு மேல் 1/16 அங்குலம் கூடினால் சங்கிலியை மாற்றும் நேரம் வந்துவிட்டது. 1/8 அங்குலம் கூடும்வரை விட்டால் பற்சக்கரங்களும் தேய்ந்திருக்கும், செலவு பெருகும். மழையில் நனைந்த எஃகு விளிம்பில் பிரேக் பிடிப்பது குறையும். ஆகவே மழை நாளில் முன்கூட்டியே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைக்க வேண்டும். இடது மிதியின் மரை எதிர்ப்புறமாகச் சுற்றும் என்பதை அறியாமல் திருகி மரையைக் கெடுப்போர் பலர். மிதிக்கும்போது தானாகக் கழலாமல் இருக்கவே அது அவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது.

முடிவுரை

பசையால் ஒட்டிய டயரைக் கழற்றக்கூடியதாக மாற்றியவர்கள், பெண்களுக்குக் கருவிகளை அறிமுகப்படுத்திய நூலாசிரியர், வேப்ப மரத்தடியில் சிறுவனுக்குக் கோட்டம் எடுக்கக் கற்றுக்கொடுத்த கடைக்காரர், கற்றதை அடுத்தவருக்குக் கற்பித்த புதுக்கோட்டைப் பெண்கள் ஆகிய அனைவரும் ஒரே வேலையைச் செய்தவர்கள். மிதிவண்டி பற்றிய அறிவை அவர்கள் சிலரிடமிருந்து பலரிடம் கொண்டுசேர்த்தனர். அந்த அறிவு பரவிய இடங்களில் மிதிவண்டி மக்களின் ஊர்தியாயிற்று. அது அருகும்போது ஒரு சிறு துளைக்காக ஒரு வண்டி மாதக்கணக்கில் திண்ணையில் சாய்ந்து கிடக்கும். அதை ஓட்டிப் பள்ளிக்குச் சென்ற பிள்ளை மறுபடி நடக்கத் தொடங்கும். பள்ளியில் வண்டி பெறும் மாணவி ஒருத்தி பஞ்சர் ஒட்டவும் சங்கிலி மாட்டவும் கற்றுக்கொண்டால், அந்த வண்டி அவளுடைய பள்ளிப் படிப்பு முடிந்த பின்னும் பல ஆண்டுகள் ஓடும்.